சர்வெக்ஸ்: படத்தைத் திறக்கும் முன் பிழைக் கோப்பைத் திறங்கள்

குகை அளவீட்டை கணினியில் ஏற்றியதும் கை தானாகப் போவது முப்பரிமாணப் படத்துக்குத்தான். சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குகை அளவீட்டு மென்பொருளான சர்வெக்ஸில் கணக்குப் போடும் நிரலான கேவர்ன், எவ்வளவு தப்பான அளவைக் கொடுத்தாலும் வளையங்களை (கிளம்பிய புள்ளிக்கே சுற்றி வந்து சேரும் அளவீட்டுத் தொடர்களை) இழுத்து மூடித்தான் படம் தரும். இழுத்த தடம் சாதாரணமாகப் படத்தில் தெரியாது. எந்த வளையத்தை எவ்வளவு இழுத்தது என்பதை அதே அடைவில் .எர் என்று முடியும் ஒரு சின்ன உரைக் கோப்பில் எழுதி வைக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் குகைக்குள் எந்த இடத்தில் யார் எண்ணை மாற்றி வாசித்தார்கள் என்பதை வீட்டில் உட்கார்ந்தே ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

தெரியாதவர்களுக்கு: சர்வெக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வரும் கட்டற்ற மென்பொருள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குகைக் கழகத்தைச் சுற்றி உருவானது. ஒல்லி பெட்ஸ், வூக்கி இருவரும் முதன்மை ஆசிரியர்கள். அந்தக் கழகம் 1976 முதல் ஆஸ்திரியாவின் டோட்டஸ் கெபிர்கெ சுண்ணாம்புக்கல் பீடபூமிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பல தலைமுறை மாணவர்கள், விதவிதமான கருவிகள், ஒன்றோடொன்று போய்ச் சேரும் குகைகள். இப்படிப்பட்ட குழப்பத்தைச் சமாளிக்கப் பிறந்த நிரல் என்பது அதன் வடிவமைப்பிலேயே தெரியும். டெபியனிலும் உபுண்டுவிலும் சர்வெக்ஸ் பொதியை ஏப்ட் வழியாகவே நிறுவிக்கொள்ளலாம். படம் காட்டும் ஏவன் தனிப் பொதி. விண்டோஸ், மேக் இரண்டுக்கும் உண்டு.

கட்டளைகளை இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். நிலையங்களின் (அளவெடுத்த புள்ளிகளின்) பெயர்களும் அப்படியே. அரைப்புள்ளிக்குப் பின்னால் வரும் குறிப்புகளை கேவர்ன் கண்டுகொள்வதில்லை, அங்கே தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம்.

அளவுகளைத் தட்டிவைக்கும் ஒரு .எஸ்விஎக்ஸ் கோப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

*பிகின் வடகிளை
*எக்ஸ்போர்ட் 1 17
*டேட் 2019.08.04
*காலிபிரேட் டேப் +0.3
*டேட்டா நார்மல் ஃப்ரம் டூ டேப் காம்பஸ் கிளைனோ
1 2 8.42 134 -12
2 3 5.10 098 +07
3 4 11.65 - டவுன்
*எண்ட் வடகிளை

*டேட்டா வரி சொல்வது: எந்த நிலையத்திலிருந்து, எதற்கு, டேப் நீளம், காம்பஸ் திசை, கிளைனோ காட்டும் ஏற்ற இறக்கக் கோணம். இரண்டு நிலையங்களுக்கு இடையிலான இப்படி ஒரு அளவுதான் லெக். அந்த வரியை விட்டுவிட்டாலும் ஓடும், ஏனென்றால் இந்த வரிசைதான் இயல்புநிலை. ஆனால் களப் புத்தகத்தில் காம்பஸை முதலில் எழுதும் பழக்கமுள்ள குழுவின் தாளைப் பார்த்து அப்படியே தட்டினால் 134 மீட்டர் நீள லெக் ஒன்று கிடைக்கும். அதைப் படத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், பரவாயில்லை. 12 மீட்டரும் 15 பாகையும் இடம் மாறினால்தான் தலைவலி. எனவே வரிசையை எப்போதும் எழுதுங்கள். தாளில் உள்ள வரிசைப்படியே எழுதுங்கள். தட்டுகிறவர் மனசுக்குள் வரிசையை மாற்றிக்கொண்டே தட்டினால் பத்தாவது வரியில் சறுக்கும்.

*காலிபிரேட்டில் குறி எந்தப் பக்கம் என்பதில் பலருக்கும் தடுமாற்றம். சூத்திரம் ஒன்றுதான்: படித்த அளவிலிருந்து சுழியப் பிழையைக் கழித்து, அளவுக் காரணியால் பெருக்குவது. டேப்பின் முதல் 30 சென்டிமீட்டர் கிழிந்துபோயிருந்தால் ஒவ்வொரு அளவும் 0.3 கூடுதலாக வாசிக்கும். கூடுதலாக வாசிப்பதால் +0.3. காம்பஸ் இரண்டு பாகை அதிகம் காட்டினால் +2. கருவி எவ்வளவு கூட்டிச் சொல்கிறதோ அதை எழுதுங்கள், கழிக்கிற வேலையை நிரல் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது லெக்கில் காம்பஸுக்குப் பதில் ஒரு கோடு இருப்பதைக் கவனியுங்கள். நேர் செங்குத்தாக டேப்பைத் தொங்கவிட்ட இடத்தில் திசை கிடையாது. அங்கே டவுன் அல்லது அப் என்று எழுத வேண்டும். -90 என்று எழுதிவிட்டு காம்பஸை விட்டால், செங்குத்து லெக்கில் மட்டுமே காம்பஸை விடலாம் என்று கேவர்ன் நின்றுவிடும். பழைய தரவு முழுக்க 90 என்றே இருந்தால் *இன்ஃபர் பிளம்ப்ஸ் ஆன் என்ற வரி போதும். இதில் இன்னொரு நன்மை: கிளைனோவின் சுழியத் திருத்தம் இந்த லெக்குகளுக்குப் பொருந்தாது. தொங்கும் டேப்புக்குக் கிளைனோ பிழை ஏது?

வேர்ட் மாதிரியான எழுத்துச் செயலியில் தட்டிய கோப்பு என்றால் கழித்தல் குறி நீளக் கோடாக மாறியிருக்கும். எண் வேண்டிய இடத்தில் வேறேதோ இருக்கிறது என்று கேவர்ன் புகார் செய்யும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் வெகுநேரம் முறைத்துப் பார்க்க நேரும். சாதாரண உரைத் திருத்தியைப் பயன்படுத்துங்கள், அவ்வளவுதான்.

கிளைகளை இணைப்பது மேல்மட்டக் கோப்பில். ஒவ்வொரு கிளையையும் *இன்க்ளூட் செய்து, *ஈக்வேட் வரியில் வடகிளை.17, கிணறு.1 என்று இரண்டு பெயரையும் கொடுத்தால் அவை ஒரே புள்ளி. *எக்ஸ்போர்ட் வரி அந்தந்தக் கிளையின் *பிகினுக்கு அடுத்தே வர வேண்டும். வெளியே பயன்படாத நிலையத்தை யாரோ தவறுதலாக இணைத்தால் இதுதான் பிடித்துக்கொடுக்கும். முன்னொட்டோடு ஒரே ஒருமுறை மட்டும் வரும் நிலையத்தைப் பார்த்து, தட்டச்சுப் பிழையா என்று கேவர்ன் கேட்கும் எச்சரிக்கையையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் தட்டச்சுப் பிழையேதான்.

டெர்மினலில் கேவர்ன் என்று அடித்து மேல்மட்டக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒரு நொடிக்குள் சுருக்கம் வரும்: எத்தனை நிலையம், எத்தனை லெக், எத்தனை வளையம், மொத்த நீளம், ஆழ வீச்சு. இதிலேயே ஒரு சோதனை இருக்கிறது. எல்லாம் ஒரே துண்டாக இணைந்திருந்தால் லெக்குகளிலிருந்து நிலையங்களைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் வளையங்கள். 245 நிலையம், 251 லெக் என்றால் 7 வளையம். குகைக்குள் போனவர்கள் ஐந்து இடத்தில்தான் சுற்றி வந்து சேர்ந்தோம் என்கிறார்கள் என்றால், மீதி இரண்டு எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும். ஒரே லெக்கை இரண்டு கோப்பில் தட்டியிருக்கலாம். ஒரே எண்ணை இரண்டு இடத்துக்கு வைத்திருக்கலாம். வேண்டுமென்றே இருமுறை அளந்திருந்தால் *ஃப்ளாக்ஸ் டூப்ளிகேட் போடுங்கள், இல்லாவிட்டால் குகையின் நீளம் சும்மா வீங்கும். மேற்பரப்பில் நுழைவாயிலுக்கு நுழைவாயில் அளந்ததற்கு *ஃப்ளாக்ஸ் சர்ஃபேஸ்.

இனி பிழைக் கோப்பு. ஒரு வளையத்துக்கான பதிவு எப்படியிருக்கும் என்பதற்கு மாதிரியாக ஒன்று. முதல் வரியில் நிலையங்களின் பட்டியல். அடுத்து: மூல நீளம் 86.30 மீ, 11 லெக், நகர்ந்தது 4.21 மீ, லெக்குக்கு 0.38 மீ, பிழை 4.88%. அதற்குக் கீழே 8.64 என்று தனி எண். கடைசியில் எச்: 1.60 வி: 14.80 (எச் கிடைமட்டம், வி செங்குத்து).

சதவீதத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள், அதை விட்டுவிடுங்கள். நான்கு லெக் கொண்ட 15 மீட்டர் வளையத்தில் 30 சென்டிமீட்டர் விலகினாலே 2%. அது முற்றிலும் இயல்பு. 600 மீட்டர் வளையத்தில் 2% என்றால் 12 மீட்டர். எங்கோ பெரிய தவறு. பார்க்க வேண்டியது அந்தத் தனி எண்ணை. கருவிகளின் துல்லியத்தை வைத்து இந்த வளையம் இவ்வளவு விலகலாம் என்று எதிர்பார்த்ததற்கும் உண்மையில் விலகியதற்கும் உள்ள விகிதம் அது. 1-ஐ ஒட்டி இருந்தால் எதிர்பார்த்தபடி. 2 வரை பொறுத்துக்கொள்ளலாம். 3-ஐத் தாண்டினால் கை நடுக்கம், கண் கூச்சம் என்றெல்லாம் சமாதானம் சொல்ல முடியாது. யாரோ ஒரு எண்ணைத் தப்பாக வாசித்திருக்கிறார்கள், அல்லது எழுதியிருக்கிறார்கள், அல்லது தட்டியிருக்கிறார்கள்.

அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது? பிரிட்டிஷ் குகை ஆய்வுச் சங்கத்தின் 5-ஆம் தரத்திலிருந்து. அந்தத் தரம் கேட்பது நீளத்தில் ±10 சென்டிமீட்டர், கோணத்தில் ±1 பாகை. இதை இரண்டு திட்டவிலக்கமாகக் கொண்டு, 5 சென்டிமீட்டர், அரைப் பாகை என்று சர்வெக்ஸ் இயல்பாக வைத்திருக்கிறது. உங்கள் குழு சேற்றில் படுத்துக்கொண்டு காம்பஸை ஐந்து பாகைக்கு ஒருமுறை மட்டும் வாசித்திருந்தால் திட்டவிலக்கம் கொடுக்கும் *எஸ்டி வரியில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

மாதிரிப் பதிவுக்கு வருவோம். எச் 1.60, வி 14.80. கிடைமட்டத்தில் வளையம் நன்றாகவே மூடுகிறது, செங்குத்தில் மட்டும் விழுகிறது. டேப்பும் காம்பஸும் சரி, தவறு கிளைனோவில். செங்குத்து விலகல் 4.16 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைனோவில் அடிக்கடி நடப்பது குறி மாறுவது. குறி மாறினால் விலகல், லெக்கின் நீளத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கி இரட்டித்தது. ஆகவே நீளம் பெருக்கல் சைன் 2.08 வரும் லெக்கைத் தேட வேண்டும்:

14 15 6.71 203 +04
15 16 10.02 187 +12
16 17 5.38 171 -09
17 18 8.10 164 +15

முதலாவது 0.47, மூன்றாவது 0.84; இரண்டும் ஒத்துவராது. 15–16 லெக் 2.08 தருகிறது. அதுதான் என்று குதிக்க வேண்டாம், 17–18 லெக்கும் 2.10 தருகிறது. 5-ஆம் தரத் துல்லியத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் காண முடியாது. இங்கேதான் களப் புத்தகத்தின் பக்கவாட்டு வரைபடம் கைகொடுக்கும்: எந்த இடத்தில் பாதை இறங்குவதாக வரைந்திருக்கிறார்கள்? அங்கேதான் குறி மாறியிருக்கிறது. வரைபடமும் சொல்லவில்லை என்றால் திருத்தாதீர்கள். வளையம் மூட வேண்டும் என்பதற்காக ஒரு குறியைப் புரட்டிப் போடுவது அளவீடாகாது.

திருத்தினாலும் மூல வரியை அழிக்காமல் முன்னால் அரைப்புள்ளி போட்டு வைத்து, யார், ஏன், எந்த ஆதாரத்தில் மாற்றினார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். பத்து வருடம் கழித்து வேறொருவர் அதே வளையத்தோடு மல்லுக்கட்டும்போது அந்த ஒரு வரி அவருக்கு ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

வி மட்டும் எகிறி, குறிமாற்றமும் பொருந்தவில்லையா? சூன்டோ கிளைனோவில் பாகையும் சதவீதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 30 பாகைக்கு எதிரே 58% நிற்கும். அந்தப் பக்கத்தை வாசித்திருந்தால் லெக் பாகை அளவைவிட மிகச் செங்குத்தாகத் தெரியும். எச் மட்டும் எகிறினால் காம்பஸ். 10 பாகை மாற்றி வாசிப்பதுதான் வழக்கமான தவறு. விலகல் லெக் நீளத்தில் 0.174 மடங்கு, அதுவும் லெக்கின் திசைக்கு ஏறக்குறையச் செங்குத்தாக. கிடைமட்டமான 14.30 மீட்டர் லெக்குக்கு 2.49 மீட்டர். விலகல் ஒரு லெக்கின் திசையிலேயே, அதன் நீளத்தில் இரு மடங்கு என்றால் முன்னோக்கு, பின்னோக்கு மாறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து எகிறி, விலகலின் நீளமும் திசையும் பக்கத்து லெக் ஒன்றோடு அச்சாகப் பொருந்தினால் கருவிகளைக் குறை சொல்லாதீர்கள்: *ஈக்வேட்டில் 17-க்குப் பதில் 16-ஐ இணைத்திருக்கிறீர்கள். பல வருடத் தரவைச் சேர்த்த பெரிய அமைப்புகளில் வேறெதையும்விட இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வளையங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் கோப்பை மேலிருந்து கீழே படிக்க முடியாது. சர்வெக்ஸோடு வரும் சார்ட்எர் நிரலிடம் .எர் கோப்பையும் ஒரு எண்ணையும் கொடுத்தால் மோசமானவற்றை முதலில் அடுக்கி அத்தனை மட்டும் காட்டும். கிடைமட்டம், செங்குத்து என்று தனித்தனியாகவும் அடுக்கலாம். முதலில் நிற்பதைத் திருத்தி மறுபடி கேவர்னை ஓட்டுங்கள். ஒவ்வொன்றாகத்தான். மீச்சிறு வர்க்க முறை ஒரு லெக்கின் தவறைச் சுற்றியுள்ள வளையங்களுக்கெல்லாம் பங்கு போட்டுவிடும். மேலே நிற்கும் ஒன்றைச் சரிசெய்தால் அடுத்த நான்கு தானாக இறங்குவது சகஜம். ஏவனிலும் பிழைப்படி வண்ணம் தீட்டும் வசதி உண்டு. கெட்ட வளையங்கள் ஒரே சந்தியைச் சுற்றிக் குவிந்திருக்கின்றனவா என்பது அதில் ஒரே பார்வையில் தெரியும். படத்துக்கு உண்மையான உபயோகம் இங்கேதான்.

தவறு எந்த லெக்கில் என்று தெரிகிறது, சரியான எண் தெரியவில்லை, மறுபடி போய் அளக்க அடுத்த பருவம் வரை ஆகும். அப்போது அந்த லெக்கை மட்டும் பெயரில்லாத *பிகின், *எண்ட் சோடிக்குள் அடைத்து, உள்ளே *எஸ்டி காம்பஸ் 20 டிகிரீஸ் போல ஒன்றைப் போடுங்கள். அமைப்புகள் அந்தச் சோடிக்கு வெளியே கசியாது. விலகலில் பெரும்பகுதியை அந்த லெக்கே விழுங்கிக்கொள்ளும், அக்கம்பக்கத்து நல்ல லெக்குகள் தப்பும்.

பிழைக் கோப்புக்குத் தெரியாத தவறுகளும் இருக்கின்றன. அதில் வருவது வளையத்தில் உள்ள லெக்குகள் மட்டுமே. முட்டுச்சந்தாகப் போகும் கிளை எவ்வளவு தப்பாக இருந்தாலும் சத்தமே வராது. அங்கே பின்னோக்கு வாசிப்புதான் (அதே லெக்கை எதிர் முனையிலிருந்து திரும்ப வாசிப்பது) காவல். *டேட்டா வரியில் பேக்காம்பஸ், பேக்கிளைனோ சேர்த்தால் இரண்டையும் ஒப்பிட்டு, பெரிதாக வேறுபட்டால் கேவர்ன் எச்சரிக்கும். ஒத்துப்போனால் சராசரி எடுத்துக்கொள்ளும்.

எல்லா லெக்குக்கும் ஒரே அளவில் பொருந்தும் தவறும் வளையத்தில் தெரியாது. காம்பஸ் முழுக்க 4 பாகை சாய்ந்திருந்தால் குகை அப்படியே திரும்பி நிற்கும், வளையங்கள் அருமையாக மூடும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசமான காந்த விலகல் விஷயத்தில் நடப்பது இதுதான். டோட்டஸ் கெபிர்கெ பகுதியில் கடந்த நாற்பதாண்டில் காந்த வடக்கு ஏறக்குறைய 4 பாகை கிழக்கே நகர்ந்திருக்கிறது. 100 மீட்டருக்கு 7 மீட்டர் வித்தியாசம். 1980-களின் அளவையும் இன்றைய அளவையும் திருத்தாமல் ஒட்டினால் இரண்டும் தனித்தனியே சரியாக இருந்துகொண்டே சந்திக்குமிடத்தில் சண்டை போடும். தென்னிந்தியாவில் விலகல் சிறியது என்பதால் நம் ஊரில் மலையேறிப் பழகியவர்களுக்கு இதைக் கண்டுகொள்ளாத பழக்கம் உண்டு.

தீர்வு எளிது. ஒவ்வொரு பயணக் கோப்பிலும் *டேட் கட்டாயம். மேலே *சிஎஸ் வரியில் ஆள்கூற்று முறை. டோட்டஸ் கெபிர்கெ என்றால் யுடிஎம் 33 வடக்கு, அதன் இபிஎஸ்ஜி எண் 32633. பிறகு *டெக்லினேஷன் ஆட்டோ என்று எழுதிக் குகையருகே ஒரு புள்ளியின் மூன்று எண்களைக் கொடுங்கள். ஐஜிஆர்எஃப் என்ற பன்னாட்டுப் புவிகாந்த மாதிரியிலிருந்து அந்தத் தேதிக்கான விலகலை எடுத்து, கட்டவடக்குத் (வரைபடக் கட்டங்களின் வடக்கு) திருத்தத்தையும் சேர்த்துவிடும். தேதி இல்லாத கோப்புக்கு விலகல் சுழியம் என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கை மட்டும் தரும், ஆகவே எச்சரிக்கைகளைப் படியுங்கள். பழைய கோப்பில் *காலிபிரேட் டெக்லினேஷன் இருந்தால் அதன் குறி தலைகீழ்: 3 பாகை கிழக்கு என்பது அங்கே -3, புதிய கட்டளையில் +3. மாற்றும்போது குறியை மறந்தால் 6 பாகை போச்சு.

ஜிபிஎஸ் புள்ளிகளில் இரண்டு பொறிகள். *ஃபிக்ஸ் வரியில் திட்டவிலக்கம் கொடுக்காவிட்டால் அந்தப் புள்ளி துளியும் அசையாது என்று பொருள். இரண்டு வாயில்களை 5 மீட்டர் தள்ளாடும் கைக்கருவியால் குறித்துவிட்டு இப்படிப் பூட்டினால், ஜிபிஎஸ்ஸின் தவறு முழுவதும் நடுவிலுள்ள குகையின் தலையில் விழும். கடைசியில் 5, 10 என்று இரண்டு எண்ணைச் சேருங்கள். முதலாவது கிடைமட்டத்துக்கு, அடுத்தது உயரத்துக்கு. அடுத்த பொறி உயரம். கருவி தருவது நீள்வட்டக உயரமா (பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்தது), கடல்மட்ட உயரமா என்று பாருங்கள். ஆஸ்திரியாவில் இந்த இரண்டுக்கும் இடையே 45 முதல் 50 மீட்டர். சென்னையில் அதுவே எதிர்த்திசையில் 80 மீட்டருக்கு மேல். ஒரு வாயில் ஒன்றிலும் இன்னொரு வாயில் மற்றொன்றிலும் இருந்தால் வி எண் எகிறும், நீங்கள் பாவம் கிளைனோவைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

நீளம், திசை, சாய்வு மூன்றையும் லேசரால் ஒரே சுடலில் அளக்கும் டிஸ்டோஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதோடு பயன்படுத்தும் டோப்போட்ராய்ட் கைபேசிச் செயலி நேரடியாக .எஸ்விஎக்ஸ் கோப்பாகவே தரும், தட்டச்சுப் பிழை ஒழிந்தது. ஆனால் கருவியின் அளவுத்திருத்தம் 14 திசைகளில் நான்கு சுழற்சி, மொத்தம் 56 வாசிப்பு கேட்கும். சராசரிப் பிழை அரைப் பாகைக்குள் வராத கருவியைக் குகைக்குள் கொண்டுபோகாதீர்கள். ஹெல்மெட் விளக்கின் பேட்டரியும் இடுப்பில் தொங்கும் எஃகுக் காரபினரும் பக்கத்தில் இருந்தால் அந்த லெக் மட்டும் சில பாகை கோணும், திரையில் எந்த அறிகுறியும் இராது. ஒரே லெக்கை மூன்றுமுறை சுட்டு மூன்றும் ஒத்துப்போனதாலும் பயனில்லை: காந்தம் மூன்று முறையும் அதே இடத்தில்தான் இருந்தது. பின்னோக்கியும் சுடுங்கள்.

எதைத் திருத்தினாலும் கேவர்ன் முன்பு தந்த .3டி படக் கோப்பின் நகலை வைத்துக்கொண்டு டிஃப்பாஸ் நிரலில் பழையதையும் புதியதையும் கொடுத்துப் பாருங்கள். நகர்ந்த நிலையங்களைப் பட்டியலிடும். ஒரு லெக்கின் குறியை மாற்றியதற்குத் தூரத்துக் கிளையில் நாற்பது நிலையம் நகர்ந்திருக்கிறது என்றால் ஏன் என்று பதில் தெரியும்வரை அந்த மாற்றத்தைச் சேர்க்காதீர்கள். மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் வைக்க வேண்டியது .எஸ்விஎக்ஸ் கோப்புகளும் களப் புத்தகப் பக்கங்களின் ஸ்கேன்களும்; .3டி, .எர் இரண்டும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி கிடைக்கும். சுவர்களோடு முழு வரைபடம் வேண்டுமென்றால் அடுத்து தேரியன் என்ற குகை வரைபட மென்பொருளுக்குப் போக வேண்டும். கூகுள் எர்த்தில் பார்க்க மட்டும் என்றால் சர்வெக்ஸ்போர்ட் நிரல் கேஎம்எல் கோப்பு தரும். அதற்கு *சிஎஸ் அவுட் வரி தேவை. அதை மறந்தால் குகை பூமியில் எங்கே இருக்கிறது என்று நிரலுக்குத் தெரியாது.